ஆடுக்குஞ்சு நடனம்

பீடோங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில், சாலையோரப் பலகையில் கிளென்மோர் என்றும் ஜனங்கள் வாயில் கிள்ளிமோர் என்றும் வழங்கும் ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகள், நடுவில் ஒரு திடல், திடலின் ஓரத்தில் கூட்டம் போடுவதற்கு ஒரு பாலாய். வருடத்துக்கு ஒரு முறை அந்தத் திடலில் குடும்ப தினம் நடக்கும். இந்த வருடம் அதை ஒழுங்காக நடத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று லோகேஸ்வரி முடிவு கட்டியிருந்தாள்.

காரணம், போன வருடத்துக் கயிறிழுக்கும் போட்டி. இரண்டு அணிகளும் வந்து நின்றன, கயிறு மட்டும் வரவில்லை. கயிறு யார் பொறுப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் தேடினார்கள். தாமரைப்பூவோடு காலை வணக்கம், முருகன் படத்தோடு செவ்வாய்க்கிழமை வாழ்த்து, யாருடைய குழந்தைக்கோ முதல் பல் முளைத்த படம், அதற்கு வரிசையாக நாற்பது கைகூப்பல்கள் என்று போய்க்கொண்டே இருந்ததே தவிர, கயிறு அகப்படவில்லை. கடைசியில் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு கயிறில்லாமலே இழுத்தார்கள். நடுவில் நின்றவரின் சிலுவார் பின்பக்கம் கிழிந்ததும் போட்டி நின்றது. எந்த அணி ஜெயித்தது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை.

லோகேஸ்வரி கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் மென்பொருள் எழுதும் குழுவுக்குத் தலைவி. அந்தக் குழுவின் திட்டமெல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருக்கும். அதில் கட்டம் இல்லை, நிறம் இல்லை, படம் இல்லை, வெறும் எழுத்து. வரிக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு பெயர். எல்லாரும் அதையே திறந்து, அதிலேயே எழுதி, அதைப் பார்த்தே நடப்பார்கள். தொழிற்சாலையில் நடக்கிற காரியம் தாமானில் நடக்காதா என்று நினைத்தாள். முதல் கூட்டத்திலேயே மடிக்கணினியைத் திறந்து பாலாயின் சுவரில் காட்டினாள்.

விழாக் குழுத் தலைவர் மனோகரன், தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இரவு வேலை முடிந்து தூங்கி வழிகிறவர்களை நிறுத்தம் நிறுத்தமாக எழுப்பி இறக்கிவிட்டுப் பழகியதால், பக்கத்தில் இருப்பவரிடமும் பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கும்படி பேசுவார். சுவரில் தெரிந்த வெள்ளைப் பக்கத்தையும் கறுப்பு எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல படம் போடலாமாம்மா?"

"முடியாது அங்கிள். எழுத்து மட்டும்தான்."

"கலர்?"

"இல்ல."

"எழுத்த கொஞ்சம் பெருசாக்கி, கீழ ஒரு கோடு கிழிச்சி..."

"அதுவும் முடியாது அங்கிள்."

"அப்புறம் இதுல என்னாதாம்மா இருக்கு?"

"திட்டம் இருக்கு" என்றாள் லோகேஸ்வரி.

லோகேஸ்வரி முதல் வரியை எல்லார் முன்னிலும் எழுதினாள்: "இந்தக் கோப்பில் இருப்பதுதான் திட்டம். இதில் இல்லாதது திட்டம் இல்லை." இனிமேல் யாரும் யாருக்கும் தொலைபேசியில் கூப்பிட்டு வேலை சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. கேள்வி இருந்தால் கோப்பில் எழுத வேண்டும். வேலை முடிந்தால் அந்த வரிக்கு முன்னால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். குறி போட்ட வரி முடிந்துபோன வரி. அதை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

"இவ்ளோதான்லா?" என்றார் சுகுமாரன். செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர், விளையாட்டுப் போட்டிகளுக்குப் பொறுப்பு. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. சிறுவர் நடனத்துக்குப் பொறுப்பான அகத்தா டீச்சர், தடிக்கா என்னும் பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளை மேய்க்கிறவர், தலையாட்டினார். சமையலுக்குப் பொறுப்பான தேவகி, தன்னுடைய வரியில் ஏற்கெனவே எல்லாம் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் வாரம் கொஞ்சம் இழுபறியாக இருந்தது. மனோகரனுக்கு விரலால் தட்டி எழுத வராது. பேசினால் தானாக எழுதிக்கொள்ளும் வசதியை லோகேஸ்வரி அவருடைய கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். அதை எப்போது அணைப்பது என்பது அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் கோப்பில் கூடாரம், நாற்காலி என்ற வரிகளுக்கு நடுவே, "ஏய் அந்த ஃபேனை நிப்பாட்டு குளிருது" என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே சுகுமாரன், "ஃபேன் யார் பொறுப்பு?" என்று பொறுப்பாகக் கேட்டிருந்தார்.

ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து கோப்பு ஓடத் தொடங்கியது. கயிறு என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது, முன்னால் குறி இருந்தது. கயிறே பாலாயில் வந்து கிடந்தது. குளிக்கும்போதெல்லாம் அதை நினைத்து லோகேஸ்வரி பெருமைப்பட்டுக்கொண்டாள். கோப்பில் எல்லாமே இருந்தன. மதிய உணவுக்கு ஆடு பெரட்டல். மெலிசா குழுவினர் ஆடுவார்கள். பெரியவர்களுக்குக் கோழி பிடிக்கும் போட்டி, கூண்டும் கோழியும் சுகுமாரன். தடிக்காப் பிள்ளைகளின் கோழிக்குஞ்சு நடனம், மஞ்சள் உடை அகத்தா. பரிசுகளை வாங்கிக் கொடுத்த டயர் கடை முதலாளி சத்தியசீலன் சிறப்பு விருந்தினர். அவருக்குக் கோழிக்கொண்டைப்பூ மாலை, பூக்கடையில் சொல்ல வேண்டியது மனோகரன்.

மனோகரனுக்கும் கோப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. படம் போட முடியாத வருத்தத்தை, நட்சத்திரக் குறிகளை வரிசையாகத் தட்டி ஒரு தோரணம் கட்டித் தீர்த்துக்கொண்டார். குறி போடுவது அவருக்கு மிகவும் பிடித்தது. தன் வேலை முடிந்ததும் அடுத்தவர் வேலைக்கும் போட்டார், யாராவது கேட்ட கேள்விக்கும் போட்டார். ஒரு நாள் அவர் அகத்தா என்ற பெயரை எல்லா இடத்திலும் 'அகதா' என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்த லோகேஸ்வரி, ஒரு சொல்லைக் கோப்பு முழுவதும் ஒரே தட்டில் மாற்றும் வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். பழைய சொல்லை மேலே எழுத வேண்டும், புதுச் சொல்லைக் கீழே எழுத வேண்டும், தட்ட வேண்டும். அத்தனை அகதாக்களும் கண்ணெதிரே அகத்தாக்களாக மாறினார்கள். மனோகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடேயப்பா. ஒவ்வொன்னா திருத்த வேணாமா?"

"வேணாம் அங்கிள். மொத்தமா மாறிடும்."

"மொத்தமா" என்று அவர் திரும்பச் சொன்ன விதத்தில் லோகேஸ்வரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

குடும்ப தினத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிளினிக்கில் மனோகரனுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஆட்டுக்கறி பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தான் சாப்பிட முடியாததைத் தாமானே சாப்பிட, தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதா என்று யோசித்தவர், ஊர் மக்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். மேலே ஆடு என்று எழுதினார். கீழே கோழி என்று எழுதினார். தட்டினார்.

மறுநாள் காலை தொழிற்சாலை உணவகத்தில் பசியாறிக்கொண்டிருந்த லோகேஸ்வரியின் கைப்பேசி நிற்காமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். கோப்பில் இப்படி இருந்தது:

மதிய உணவு: கோழி பெரட்டல்
மெலிசா குழுவினர் கோழிவார்கள்
கோழிகளத்தைச் சுற்றிக் கயிறு கட்டவும்
சிறு பிள்ளைகள் ஊஞ்சல் கோழிமிடத்தில் பெரியவர் ஒருவர் நிற்கவும்

மெலிசா கேட்டிருந்தாள்: "நாங்க எப்படி அக்கா கோழிவது? பழகணுமா?" சுகுமாரன் ஊஞ்சல் கோழிமிடத்தில் தான் நிற்பதாக ஏற்றுக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி சிரித்த சிரிப்பில் ரொட்டிச்சானாய்க் குழம்பு மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் தாமானில் யாரும் சிரிக்கவில்லை. குடும்ப தினத்தில் ஆடு கிடையாதாம் என்ற செய்தி வீடு வீடாகப் போய், குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வரமாட்டோம் என்று பதினோராவது வரிசை வீட்டுக்காரர்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அவள் மனோகரனைக் கூப்பிட்டாள். தொலைபேசியில் கூப்பிடக் கூடாது என்ற விதியைத் தானே மீறுகிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

"அங்கிள், ஒன்னும் தொடாதீங்க. பழைய காப்பி எங்கிட்ட இருக்கு. சாயங்காலம் அத எடுத்துப் போட்டுடுறேன்."

"எதுக்கும்மா அவ்ளோ கஷ்டம்? நான் கலைச்சத நானே அடுக்கிட்டேன். மேல கோழின்னு எழுதி, கீழ ஆடுன்னு எழுதி, தட்டிட்டேன். பாரு, எல்லாம் பழையபடி வந்துருச்சி."

லோகேஸ்வரி பார்த்தாள். ஆடு பெரட்டல் திரும்பி வந்திருந்தது. மெலிசா குழுவினர் மறுபடி ஆடினார்கள். ஆடுகளம் ஆடுகளமாகவும் ஊஞ்சல் ஆடுமிடம் ஆடுமிடமாகவும் இருந்தன. கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்து இறங்கியதால் அவளுக்குத் தலையைச் சொறிய நேரமில்லை. ஒரு நாள் சுகுமாரன் கூப்பிட்டார்.

"லோகேசு, அந்த பிடிக்கிற போட்டி இருக்குல்ல..."

"அண்ணே, போன்ல வேணாம்னு சொன்னேன்ல? ஃபைல்ல இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"இருந்தா அப்படியே செய்யுங்கண்ணே. ஃபைல்ல இருக்கறதுதான் திட்டம்."

"சரிம்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அகத்தா டீச்சர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். கூப்பிடவில்லை, கோப்பிலேயே எழுதினார்: "மஞ்சள் உடை தைத்தாகிவிட்டது. கொம்பும் வேண்டுமா?" எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மனம் வராத மனோகரன், கேள்விக்குக் கீழே "வேண்டும். தலைவர்" என்று சொல்லி எழுதவைத்து, கையோடு குறியும் போட்டார். குறி போட்ட வரியை லோகேஸ்வரி படிப்பதில்லை.

குடும்ப தினத்தன்று காலையில் ஜெராய் மலையின் தலையில் ஒரு மேகத் துண்டு கூட இல்லை. லோகேஸ்வரி காடியை நிறுத்திவிட்டுத் திடலுக்கு நடந்தாள். கூடாரம் நின்றது, நாற்காலிகள் வரிசையாக இருந்தன, பெரிய சட்டிகளிலிருந்து மசாலா வாசனை வந்தது. எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்ற திருப்தியில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றவளின் கண்ணில் சுகுமாரனின் லாரி பட்டது. லாரியின் பின்னாலிருந்து நான்கு ஆடுகள் அவளைப் பார்த்தன. அதில் ஒன்று, தாடி வைத்த பெரிய கிடா.

அவள் சமையல் கொட்டகைக்கு ஓடினாள்.

"தேவகி அக்கா, ஆடு இன்னும் உயிரோட இருக்கு."

தேவகி கரண்டியைத் தூக்கிக் காட்டினார். "எந்த ஆடும்மா? என் ஆடு காலையிலேயே வெந்துருச்சி."

"அப்ப லாரியில இருக்கறது?"

"அது யாரு வீட்டு ஆடோ. வந்த விருந்தாளியா இருக்கும்."

லோகேஸ்வரி லாரிக்கு ஓடினாள். சுகுமாரன் ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, நான்கு கயிறுகளையும் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"யான் ஊர்ல தெரிஞ்ச மலாய்க்கார பாக் சிக் ஒருத்தர்கிட்ட எரவல் வாங்கினேம்மா. சாயங்காலம் கொண்டுபோய் விட்ரணும். பெரிசு மட்டும் கொஞ்சம் கோவக்காரன். பிடிக்கிறவங்க பாத்துப் பிடிக்கணும்."

"யாரு பிடிக்கிறது?"

"போட்டிக்கு வர்றவங்கதான். ஆடு பிடிக்கும் போட்டி. ஃபைல்ல இருக்குல்ல?"

லோகேஸ்வரி கைப்பேசியைத் திறந்தாள். இருந்தது. ஆடு பிடிக்கும் போட்டி, கூண்டும் ஆடுயும் சுகுமாரன். பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. முதலில் ஆடெல்லாம் கோழி ஆனபோது, கோப்பில் ஏற்கெனவே இருந்த கோழிகளும் புதிதாக வந்த கோழிகளும் கலந்துவிட்டன. திருப்பி மாற்றும்போது எது எந்தக் கோழி என்று கணினிக்குத் தெரியாது. அது எல்லாக் கோழியையும் பிடித்து ஆடாக்கிவிட்டது. ஆடுகளை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு கோழியையாவது பார்க்காமல் போனது அவள்தான்.

அப்படியானால் வேறு என்னென்ன கோழிகள் இருந்தன?

விரலால் பக்கத்தைத் தள்ளினாள். "ஆடுக்குஞ்சு நடனம்" என்று ஒரு வரி இருந்தது. தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தாள். மேடைக்குப் பின்னால் தடிக்காப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் காகித இறகு, தலையில் அட்டைக் கொம்பு, தாடையில் பஞ்சுத் தாடி. அகத்தா டீச்சர் கடைசிப் பிள்ளைக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது என்னாது?"

"ஆடுக்குஞ்சு" என்றார் அகத்தா, களைத்த குரலில். "ரெண்டு வாரமா யோசிச்சேன் லோகேஸ். குஞ்சுன்னா இறகு வேணும். ஆடுன்னா கொம்பு வேணும். நாட்டியத்துல மாடர்னா ஏதோ கேக்குறீங்கனு நெனச்சிக்கிட்டேன். பிள்ளைங்க மேன்னு கத்திக்கிட்டே எறக்கைய அடிப்பாங்க. பரவாயில்லயா?"

லோகேஸ்வரி பதில் சொல்வதற்குள் வாசல் பக்கம் மேளம் முழங்கியது. சத்தியசீலன் வந்துவிட்டார். அவள் கோப்பில் அடுத்த வரியைப் படித்துவிட்டு வாசலை நோக்கி ஓடினாள், ஆனால் மனோகரன் அதற்குள் மாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஆடுக்கொண்டைப்பூ மாலை" என்று மனோகரன் கோப்பில் உள்ளபடியே கேட்டதும் பூக்கடை நவமணி குழம்பிப்போயிருக்கிறார். அப்படி ஒரு பூ அவர் கேள்விப்பட்டதில்லை. ஏதோ நேர்த்திக்கடன், ஆட்டின் கொண்டையில் சுற்றும் மாலையாக்கும் என்று தானே அர்த்தம் பண்ணிக்கொண்டு, ஆட்டுத் தலை அளவுக்குச் சின்னதாக, நல்ல நெருக்கமாகக் கட்டி, ஆடு என்றால் மணி இல்லாமலா என்று ஒரு சலங்கை மணியையும் கோத்துக் கொடுத்துவிட்டார்.

பட்டு பாத்தேக் சட்டையில் கம்பீரமாக நின்ற சத்தியசீலன் மாலைக்குத் தலை குனிந்தார். மாலை காது வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது. மனோகரன் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

"புது டிசைன் போல சார்" என்றார்.

சத்தியசீலன் பெரிய மனிதர். மாலையைக் கழற்றினால் மரியாதைக் குறைவு என்று அதைக் கிரீடம் போலவே தலையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் தலையசைத்தார். அசைத்தபோதெல்லாம் மணி கிணுகிணுத்தது. திடலின் மறுகோடியில் தாடி வைத்த கிடா, காதைத் திருப்பியது.

இன்னும் சமாளித்துவிடலாம் என்றுதான் லோகேஸ்வரி நினைத்தாள். நடனம் நடக்கட்டும், மாலை இருக்கட்டும், ஆடு பிடிக்கும் போட்டியை மட்டும் நிறுத்தினால் போதும். கைப்பேசியை எடுத்து, "ஆடு பிடிக்கும் போட்டி ரத்து" என்று கோப்பில் எழுதினாள். எழுதிவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் கையிலும் கோப்பு இல்லை. எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகுமாரன் ஒருவர்தான் கோப்பைப் பார்க்கக் கூடியவர்; அவருடைய இரண்டு கையிலும் கயிறு இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. கொம்பு வைத்த மஞ்சள் பிள்ளைகள் மேடையில் ஏறி, கையை இறக்கை போல் அடித்து, ஒரே குரலில் "மே" என்று கத்தினார்கள். நான்கு ஆடுகளும் தலையைத் தூக்கின. இரண்டாவது முறை கத்தினார்கள். ஆடுகள் பதில் கொடுத்தன. பதில் வந்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் பாட்டையும் தாளத்தையும் விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

ஆடுகள் புறப்பட்டன. சுகுமாரன் கயிற்றை விடவில்லை. பொறுப்பு அவருடையது என்று எழுதியிருந்தது. முதலில் ஓடினார், பிறகு முழங்காலில் போனார், பிறகு வயிற்றில் வழுக்கிக்கொண்டே திடலின் பாதியைக் கடந்தார். சாக்கு ஓட்டத்துக்காக அடுக்கி வைத்திருந்த சாக்குகளில் மோதிய பிறகுதான் கயிறுகள் அவரை விட்டன.

மைக்கைப் பிடித்திருந்த மனோகரன், திடலுக்குள் ஆடுகள் ஓடி வருவதைப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலில் அடுத்து என்ன என்பது அவருக்கு மனப்பாடம். "சகோதர சகோதரிகளே, ஆடு பிடிக்கும் போட்டி இப்பொழுது ஆரம்பமாகிறது" என்று கடைசி இருக்கைக்குக் கேட்கும்படி அறிவித்தார்.

அவ்வளவுதான். முதல் வரிசை முதல் பதினோராவது வரிசை வரை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், செருப்பைக் கழற்றியவர்கள், சேலையைச் செருகிக்கொண்டவர்கள் எல்லாரும் நான்கு ஆடுகளுக்குப் பின்னால் ஓடினார்கள். ஒரு ஆடு மேடையில் ஏறி, ஒரு பிள்ளையின் மஞ்சள் இறகைத் தின்றது; அந்தப் பிள்ளை மற்ற இறகுகளையும் பிய்த்து அதற்கு ஊட்டிவிட்டது. இன்னொன்று ஒலிபெருக்கியின் மேல் ஏறி நின்று கூட்டத்தைப் பார்த்தது. தாடி வைத்த கிடாவுக்கு மட்டும் வேறெதிலும் நாட்டமில்லை. அது மணிச் சத்தத்தைத் தேடி நேராக முன்வரிசைக்கு வந்தது.

சத்தியசீலன் எழுந்தார். மணி அடித்தது. நகர்ந்தார். மணி அடித்தது. ஓடினார். மணி விடாமல் அடித்தது. பட்டு பாத்தேக் பறக்க அவர் கூடாரத்தை இரண்டு சுற்று சுற்றினார். மாலையைக் கழற்றி எறிய வேண்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, பின்னால் ஓடிய யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகள் கத்துவது நிற்கும்வரை ஆடுகள் நிற்கப்போவதில்லை என்பது லோகேஸ்வரிக்கு விளங்கியது. கோப்பில் எழுதி ஆகிற காரியம் இல்லை. கைப்பேசியை ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு மேடையில் பாய்ந்தாள். மனோகரனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"பிள்ளைங்களா, இங்க பாருங்க. ஆடு போயிருச்சி. இப்ப எல்லாரும் கோழிக்குஞ்சு. கோழிக்குஞ்சு எப்படி கத்தும்?"

பிள்ளைகள் யோசித்தார்கள். கொம்பு வைத்த ஒருத்தி மெதுவாக, "கீ" என்றாள்.

"கேக்கல. எல்லாரும்."

"கீ கீ கீ" என்றது மேடை.

ஆடுகள் குழம்பின. ஒலிபெருக்கி மேல் நின்றது இறங்கி வந்து புல்லைக் கடிக்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் ஓட்டத்தை விட்டுவிட்டு நின்றன. நின்றதுமே அவற்றின் மேல் நான்கு நான்கு பேர் விழுந்தார்கள். கிடா மட்டும் மணியை விடவில்லை. மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கிய சத்தியசீலன் இனி ஓட முடியாது என்று திரும்பினார். அதே வேகத்தில் வந்த கிடாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். இருவரும் சாக்குக் குவியலில் சாய்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே படுத்திருந்த சுகுமாரன் நகர்ந்து இடம் கொடுத்தார்.

திடல் முழுக்கக் கைதட்டியது. மனோகரன் மைக்கைத் திரும்ப வாங்கி முடிவை அறிவித்தார். முதல் பரிசு, சத்தியசீலனே வாங்கிக் கொடுத்த மேசை விசிறி. அதைச் சத்தியசீலன் கையிலேயே கொடுத்தார்கள். வழக்கமாகப் பரிசு வழங்குபவர் சிறப்பு விருந்தினர்தான் என்பதால், யார் யாருக்குக் கொடுப்பது என்று ஒரு நிமிடம் தடுமாறி, கடைசியில் அவரே இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். புல் ஒட்டிய சட்டையோடும் தலையில் பாதி தின்னப்பட்ட மாலையோடும் அவர் படத்துக்கு நின்றபோது, அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து லோகேஸ்வரிக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் அவளைத் தேடி வந்தார்.

"நீதானாம்மா திட்டம் போட்டது?"

"சார், அது வந்து, உண்மையில என்ன நடந்துச்சின்னா..."

"இருவது வருஷமா விழாவுக்குப் போறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு, கெளம்பிடுவேன். இன்னிக்கிதாம்மா ஒரு விழாவுல எனக்கும் வேல இருந்துச்சி. என் கடைக்கும் இப்படி ஒரு ஃபைல் போட்டுக் குடுக்கணும். மூனு கடை, பதினாலு பசங்க, ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்குத் தெரியாது."

லோகேஸ்வரி விளக்கிச் சொல்லப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கடைசியில், தினமும் ஒரு தடவையாவது எல்லாரும் நேரில் பேசிக்கொள்வதானால் போட்டுத் தருகிறேன் என்றாள். அவர் அதற்கென்ன என்றார்.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடித்து அடுக்கிய பிறகு, ஆடுகளை லாரியில் ஏற்ற அவள் சுகுமாரனுக்கு ஒத்தாசையாக நின்றாள். அவருடைய சட்டையின் முன்பக்கம் பச்சையாக இருந்தது.

"அண்ணே, அன்னிக்கி நீங்க போன் பண்ணப்பவே கேட்டிருக்கணும். நீங்க சந்தேகப்பட்டுக் கேட்டீங்க. நான்தான் ஃபைலு ஃபைலுன்னு வாய அடைச்சிட்டேன்."

சுகுமாரன் கிடாவின் கயிற்றை இழுத்துக் கட்டினார். "சந்தேகமா? எனக்கு என்னாம்மா சந்தேகம்? ஆடு கொம்பு வச்சதா, வைக்காததான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நீ போன வச்சிட்ட. நானா ரெண்டு ரெண்டு கலந்து எடுத்தேன்."

லோகேஸ்வரி லாரியில் ஏறி உட்கார்ந்தாள். ஆடுகளின் சொந்தக்காரரிடம் நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. லாரி யான் ஊரை நோக்கிப் போனது. மலைக்குக் கீழே வயல்வெளி பச்சையாக விரிந்து கிடந்தது. பின்னாலிருந்து சத்தமே இல்லை.

பாக் சிக் வீட்டு வாசலில் மூன்று ஆடுகளும் தாமாகவே குதித்துத் தொழுவத்துக்குப் போய்விட்டன. கிடா இறங்கவில்லை. சுகுமாரன் முன்னாலிருந்து இழுத்தார், லோகேஸ்வரி பின்னாலிருந்து தள்ளினாள். அது லாரியின் நடுவில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, வயலைப் பார்த்தபடி அசைபோட்டது. பாக் சிக் வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இவர்களைப் பார்த்தார்.

"பியார்லா. நந்தி டியா தூருன்" என்றார். விட்டுவிடுங்கள், அதுவாக இறங்கும்.

பிறகு உள்ளே திரும்பி, இரண்டு கிளாஸ் தேத்தண்ணி கலக்கச் சொன்னார். இருவரும் படியில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.